பார்த்தீனியத்தை மொட்டையடிக்கும் கோடு போட்ட வண்டு

உங்கள் கேள்வி இது: தோட்டத்தை ஒட்டிய தரிசில் பார்த்தீனியம் மண்டிக் கிடக்கிறது. ஒரு வாரமாக அதில் வெளிர் நிற உடம்பில் பழுப்புக் கோடு போட்ட சின்ன வண்டுகள் நூற்றுக்கணக்கில் மொய்க்கின்றன. வரப்புக்கு இந்தப் பக்கம் உங்கள் சூரியகாந்தியும் கத்தரியும் நிற்கின்றன. போனில் படம் எடுத்துத் தேடினால் உருளைக்கிழங்கு வண்டு என்று காட்டுகிறது. இது என்ன வண்டு, பயிருக்கு வருமா, என்ன மருந்து அடிப்பது?

மருந்து எதுவும் அடிக்காதீர்கள். முதலில் சொல்ல வேண்டியது இதுதான். மற்றதை ஆற அமரப் படிக்கலாம்.

உங்கள் தரிசில் இருப்பது மெக்சிகன் வண்டு. அறிவியல் பெயர் சைகோகிரம்மா பைகொலரேட்டா. பார்த்தீனியத்தைத் தின்பதற்காகவே மெக்சிகோவிலிருந்து வரவழைத்து, 1984-ல் பெங்களூரில் வெளியே விட்ட வண்டு. இன்று அது நம் நாட்டின் பல பகுதிகளில் தானாகவே பெருகி வாழ்கிறது. உங்களிடம் அது வந்து சேர்ந்தது நல்ல சேதி.

போன் ஏன் உருளைக்கிழங்கு வண்டு என்று சொன்னது? அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கொலராடோ உருளைக்கிழங்கு வண்டும் இதுவும் இலைவண்டுக் குடும்பத்தின் ஒரே கிளையைச் சேர்ந்த நெருங்கிய உறவுகள். உருண்ட முதுகு, வெளிர் நிறத்தில் கோடுகள் என்று சாயல் ஒத்துப்போகும். ஆனால் கொலராடோ வண்டு இதைவிடப் பெரியது, ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளம். மஞ்சளும் ஆரஞ்சுமான உடம்பு. ஒவ்வொரு இறக்கை ஓட்டிலும் ஐந்து, மொத்தம் பத்துக் கறுப்புக் கோடுகள் ஏர் பிடித்த மாதிரி நேராக ஓடும். அது இந்தியாவில் இல்லை. நம் மெக்சிகன் வண்டு 5 அல்லது 6 மில்லிமீட்டர்தான். ஆணை விடப் பெண் சற்றுப் பெரியது. தலை பழுப்பு, இறக்கை ஓடு வெளுத்த பால் நிறம். அதில் கரும்பழுப்புக் கோடுகள் நேராக ஓடாமல் வளைந்தும் நெளிந்தும் போகும். இரண்டு ஓடுகளும் சேரும் நடுக்கோட்டில் ஒரு கரும்பட்டை இருக்கும். ஒருமுறை கையில் வைத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

கத்தரியைப் பற்றி உங்களுக்குக் கவலையே வேண்டாம், அது இந்த வண்டின் சாப்பாடு அல்ல. கத்தரி இலையைச் சல்லடையாக்கும் புள்ளி வண்டு இலைவண்டே அல்ல. அது பொறிவண்டு குடும்பத்தில் இலை தின்னப் பழகிக்கொண்ட ஒன்று. பூசணிக் கொடியில் வரும் சிவப்பு வண்டும், நெல்லில் வரும் முள்வண்டும்தான் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய இலைவண்டுகள். உலகில் இந்தக் குடும்பத்தில் 30,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சாப்பாட்டு விஷயத்தில் ரொம்பப் பிடிவாதமானவை. ஒரு செடி, மிஞ்சிப் போனால் அதற்கு நெருங்கிய சில செடிகள், அவ்வளவுதான். செடிகளும் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொன்றும் இலையில் தனக்கென ஒரு நஞ்சை வைத்துக்கொள்கிறது. அந்த நஞ்சைத் தாங்கப் பழகிய பூச்சிக்கு அந்தச் செடி போட்டியில்லாத பந்தி. பார்த்தீனியத்தின் நஞ்சு பார்த்தீனின். கைபட்டால் நமக்கு அரிப்பும் தோல் அழற்சியும் வருகிறதே, அதற்கு முக்கியக் காரணம் இதுதான். மாடு அதை ஒதுக்குவதும் அந்தக் கசப்பால்தான். நம் ஊர்ப் பூச்சிகளுக்கு இந்தச் செடி புதிது. அதை அடக்கி வைக்கிற அளவுக்குத் தின்பவை இங்கே இல்லை. மெக்சிகன் வண்டுக்கோ அது பாட்டன் காலத்துச் சாப்பாடு.

வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1955-ல் புணேயில் பார்த்தீனியம் கவனத்துக்கு வந்தது. அதன்பின் சாலையோரம், ரயில் பாதை, தரிசு, வயல் என்று நாடெங்கும் பரவியது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். நன்றாக வளர்ந்ததென்றால் 15,000-ஐயும் தாண்டும். இதன் தாயகத்தில் இப்படி மண்டுவதில்லையே, அங்கே இதை யார் தின்கிறார்கள் என்று தேடிப் போனதில்தான் இந்த வண்டு கிடைத்தது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் கே. பி. ஜெயந்த் முதலானோர் பல குடும்பங்களைச் சேர்ந்த பயிர்களையும் செடிகளையும் வைத்து, இது எதைத் தின்கிறது, எதைத் தின்னாமல் பட்டினி கிடக்கிறது என்று சோதித்தார்கள். பிறகுதான் வெளியே விட்டார்கள். முதல் சில வருடங்கள் பெரிதாக எதுவும் தெரியவில்லை. வண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. 1988 வாக்கில் பெங்களூர்த் தரிசுகளில் செடிகள் கூட்டம் கூட்டமாக மொட்டையாகத் தொடங்கின. பார்த்தீனியம் பின்வாங்கிய இடங்களில் அதுவரை அமுங்கிக் கிடந்த பலவகைச் செடிகள் திரும்பத் தலைகாட்டின. அதையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதை நமக்கு முன்னாலேயே, 1980-ல் விட்டார்கள். அங்கேயும் இதே கதை. பல வருடம் இருக்கிற இடமே தெரியவில்லை. 1990-களில்தான் பெருகிக் கண்ணில் பட்டது. பூச்சியை விட்டவர்கள் பொறுமையாக இருக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு நாடுகளுமே பட்டுத்தான் தெரிந்துகொண்டன.

இப்போது சூரியகாந்திக்கு வருகிறேன். உங்கள் பயம் புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகாவில் சூரியகாந்தி இலையில் இந்த வண்டைப் பார்த்து விவசாயிகள் பதறிப்போனார்கள். பதற்றத்துக்குக் காரணமும் இருந்தது. பார்த்தீனியமும் சூரியகாந்தியும் ஒரே தாவரக் குடும்பம். போதாததற்கு இந்த வண்டின் இன்னொரு சொந்தம் ஒன்று வட அமெரிக்காவில் சூரியகாந்தியைத் தின்று பிழைக்கும் பயிர்ப்பூச்சி. விவகாரம் பெரிதாகி, வண்டை விடுவதையே நிறுத்தி வைத்தார்கள். உண்மை அறிய ஒரு குழுவும் அமைத்தார்கள்.

ஆராய்ந்ததில் தெரிய வந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்திகளில் ஒன்று. வயலோரம் பூத்து நின்ற பார்த்தீனியத்தின் மகரந்தம் காற்றில் பறந்து சூரியகாந்தி இலைமேல் மாவாகப் படிந்திருக்கிறது. வண்டு அந்த மகரந்தத்தின் சுவையை நம்பி இலையைக் கடித்திருக்கிறது. தனக்குரிய செடி இதுதான் என்பதை வண்டுக்குச் சொல்வது சுவையும் மணமும்தான். மகரந்தம் படிந்த இலை அதை ஏமாற்றிவிட்டது. படியாத இலையில் அந்த ஆர்வம் இல்லை. சூரியகாந்தியை மட்டும் நம்பி இந்த வண்டால் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்தவும் முடியாது. பிறகு அந்தத் தடை நீங்கியது. இன்று மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகம் இந்த வண்டைப் பரப்பவே வேலை செய்கிறது. பார்த்தீனியம் விழிப்புணர்வுக்கென்று ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வாரமே ஒதுக்கி நடத்துகிறார்கள்.

ஆக, உங்கள் சூரியகாந்தியின் ஓர வரிசையில் நாலு இலையில் ஓட்டை விழலாம், அதற்குமேல் பயமில்லை. பார்த்தீனியத்துக்கு வெளியே இது அவ்வப்போது மென்று பார்க்கும் இன்னொரு செடி மருளூமத்தை. அதுவும் களைதான்.

சரி, இந்த வண்டு எப்படி வாழ்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். உங்கள் தரிசில் அடுத்த சில மாதங்களில் என்ன நடக்கும் என்பது அதில்தான் இருக்கிறது.

இதன் நாட்காட்டி மழை. கோடை மழை விழுந்து மண் நனைந்ததும், மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்த வண்டுகள் மேலே வருகின்றன. அதே ஈரத்தில் பார்த்தீனிய விதைகளும் முளைத்து, இலைகள் தரையோடு தட்டாகப் படர்ந்திருக்கும். வண்டுகள் வயிறார மேய்ந்து, இணை சேரும். ஒருமுறையோடு நிற்காமல் பலமுறை சேரும். பெண் தன் வாழ்நாளில் 2,000 முட்டைகள் வரை இடக்கூடும். இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக, நீள்வட்டமாக, தனித்தனியாகவோ நாலைந்து சேர்ந்தோ ஒட்டிக்கொண்டிருக்கும். பொரிக்கும் நாள் நெருங்கும்போது நிறம் ஆரஞ்சுக்கு மாறும். நான்கு முதல் ஏழு நாளில் புழு வெளியே வரும்.

ஓசூர்ப் பக்கம் ஒரு தரிசில் ஜூலை மாதம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். செடி முழங்கால் உயரம் இருந்தது. இலைகள் பெரும்பாலும் பச்சையாகவே இருந்தன. எட்ட நின்று பார்த்தால் இங்கே வண்டின் வேலை எதுவும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் நுனிக்குருத்து மட்டும் சுருங்கி, லேசாகக் கருத்திருந்தது. நகத்தால் மெதுவாகப் பிரித்தேன். உள்ளே அரிசி முனை அளவில் ஒரு புழு தலையைப் புதைத்துக்கொண்டு மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தது. அடுத்த கிளையின் குருத்திலும் ஒன்று. இலைக்கும் தண்டுக்கும் இடையில் புதிதாகக் கிளம்பும் மொட்டிலும் ஒன்று. அந்த ஒரே செடியில் பதினொரு குருத்துகளைப் பிரித்தேன், ஏழில் புழு இருந்தது.

இந்த வண்டின் பலமே அங்கேதான் இருக்கிறது. வளர்ந்த வண்டு இலையைத் தின்று செடியை மொட்டையாக்குவது எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் செடிக்கு அதைவிடப் பெரிய அடி இளம் புழு கொடுப்பது. பார்த்தீனியத்தில் பூங்கொத்து கிளம்புவது இந்த நுனிகளிலிருந்துதான். குருத்து போனால் அந்தக் கிளையில் பூ இல்லை, பூ இல்லையென்றால் விதையும் இல்லை. வளர வளரப் புழு குருத்தை விட்டு வெளியே வந்து இலைக்கு மாறும். நான்கு பருவங்களைக் கடந்து, பத்துப் பதினைந்து நாளில் முழு வளர்ச்சி பெறும். அப்போது அது வெளிர் மஞ்சளாகக் கொழுத்து, ஒரு சின்ன மூட்டை போல இருக்கும்.

பிறகு செடியை விட்டு இறங்கி மண்ணுக்குள் போகும். 15 சென்டிமீட்டர் ஆழம் வரைகூடப் போகும். அங்கே கூட்டுப்புழுவாகி, ஒன்றரை வாரம் போல் கழித்து வண்டாக மேலே வரும். முட்டையிலிருந்து வண்டு வரை ஏறத்தாழ ஒரு மாதம்தான். ஆகவே ஒரு மழைக்காலத்தில் மூன்று நான்கு தலைமுறை ஓடிவிடுகிறது. ஜூனில் விரல்விட்டு எண்ணும்படி இருந்த வண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் தரிசையே மூடுவது இதனால்தான். அந்த நேரம் சாயங்காலம் காற்றில்லாமல் இருக்கும்போது செடிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்தால், ஆயிரம் வாய்கள் மெல்லும் மெல்லிய நறநறப்பு காதில் விழும். நான் கேட்டிருக்கிறேன். கையை நீட்டினால் வண்டுகள் காலை மடக்கிக்கொண்டு பொலபொலவென்று கீழே உதிரும். கொஞ்ச நேரம் செத்தது போலக் கிடந்துவிட்டு மறுபடி தண்டில் ஏறும். உங்களைக் கடிக்காது. மாட்டுக்கும் கோழிக்கும் இதனால் தொந்தரவில்லை.

மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது வண்டுகளின் போக்கு மாறும். நவம்பர், டிசம்பர் வாக்கில் பெரும்பாலான வண்டுகள் மேய்ச்சலை நிறுத்திவிட்டு மண்ணுக்குள் இறங்கிவிடும். சில வண்டுகள் இன்னும் முன்னதாகவே போய்விடுவதும் உண்டு. அடுத்த கோடை மழை வரை, ஏறக்குறைய ஆறு மாதம், தின்னாமல் குடிக்காமல் தூங்கும். வண்டு நீண்ட நாள் வாழக்கூடியது. ஒரு தூக்கத்தை முடித்து, ஒரு மழைக்காலம் மேய்ந்து, மறுபடி தூங்கப் போகும் வண்டுகளும் உண்டு. இரண்டு வருடம் வரை வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது.

அதே தரிசில் ஒரு மார்ச் மாதம் சிறு களைக்கொத்தால் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். மேலே ஒரு வண்டுகூட இல்லை, வெயில் கொளுத்துகிறது, மண் கட்டி கட்டியாகப் பெயர்கிறது. ஒரு சாண் கூட ஆகவில்லை, கட்டி ஒன்று இரண்டாகப் பிளந்ததில் வண்டின் அளவுக்கே ஒரு வழவழப்பான குழி. உள்ளே கால்களையும் உணர்கொம்புகளையும் வயிற்றோடு இழுத்து வைத்துக்கொண்டு வண்டு. உள்ளங்கையில் வைத்தேன், அசையவில்லை. செத்ததென்றே நினைத்தேன். கை வெப்பத்தில் சில நிமிடம் கழித்து ஒரு கால் மெதுவாக விரிந்தது. அப்படியே குழியில் வைத்து மண்ணைப் போட்டு மூடிவிட்டேன்.

இந்தத் தூக்கம்தான் வண்டைக் காப்பாற்றுகிறது. பார்த்தீனியத்தையும் அதுவேதான் காப்பாற்றுகிறது. செடிக்கு இப்படிப் பருவம் கிடையாது. ஜனவரியில் வாய்க்கால் கசிந்தாலும் முளைக்கும், மார்ச்சில் குழாயடியில் தண்ணீர் தேங்கினாலும் முளைத்து, ஒன்றிரண்டு மாதத்தில் பூத்து விதை போட்டுவிடும். அந்த மாதங்களில் வண்டு மண்ணுக்குள். மழைக்காலத்தில் வண்டு மிச்சம் வைக்காமல் தின்றாலும், கோடையில் ஓரிரு செடி தப்பினால் போதும், அடுத்த வருடத்துக்கான விதை மண்ணில் சேர்ந்துவிடும். ஏற்கெனவே மண்ணில் கிடக்கும் விதைகளும் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். "வண்டு விட்டோம், களை ஒழியவில்லையே" என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இதைத்தான்: ஒழித்துக் கட்டுவது அதன் வேலையல்ல. வருடத்தில் ஐந்தாறு மாதம் செடியைப் பூக்க விடாமல் அடக்கி வைக்கிறது. அதுவும் கூலி கேட்காமல். மிச்ச மாதங்கள் நம் பொறுப்பு.

வேறு சில தடைகளும் உண்டு. முற்றி, தண்டு கட்டையாகிப் பூத்துவிட்ட செடியை வண்டு மொட்டையடித்தாலும் அது திரும்பத் துளிர்த்துவிடும். இளஞ்செடியில் விழும் அடிதான் அடி. வண்டுக்கும் எதிரிகள் இருக்கிறார்கள். ஊசி வாயால் புழுவைக் குத்தி உறிஞ்சும் ஒருவகை நாவாய்ப்பூச்சியை இதன் மேலேயே பார்க்கலாம். எல்லாவற்றிலும் பெரிய எதிரி நாம் அடிக்கும் பூச்சிமருந்து. வரப்போரம் அடிக்கும் மருந்து காற்றில் தரிசுக்குப் போனாலே போதும், அந்த வருடத்துப் பெருக்கம் அங்கேயே நின்றுவிடும்.

இனி உங்கள் இடத்தில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தரிசைப் பருவத்தில் அப்படியே விட்டுவிடுங்கள். வண்டு பெருகட்டும். தூங்கும் மாதங்களில் அந்த இடத்தை ஆழ உழாதீர்கள். டிராக்டர் புரட்டினால் மண்ணுக்குள் இருக்கும் வண்டு வெயிலுக்கும் பறவைக்கும் போய்விடும். முழுவதும் உழுதே ஆகவேண்டும் என்றால் ஓரத்தில் ஒரு பட்டையையாவது விட்டுவையுங்கள். காலியாகும் இடத்தில் தகரை, கொழிஞ்சி, ஆவாரை விதைகளைத் தூவி வைத்தால் அவை இடத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தீனியத்துக்கு மறுபடி இடம் கொடுக்காது. கோடையில் ஈரம் கசியும் இடங்களில் முளைப்பதை மட்டும், பூக்கும் முன்பே, வேரோடு பிடுங்குங்கள். கையுறை போடாமல் தொடாதீர்கள். பூத்த செடியைப் பிடுங்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

அக்கம்பக்கத்தில் வண்டே இல்லாத தரிசு இருந்தால் உங்களிடம் இருப்பதில் கொஞ்சம் கொண்டுபோய் விடலாம். ஜூலையும் ஆகஸ்டும் அதற்கு ஏற்ற மாதங்கள். மண் ஈரமாக இருக்கும், செடி இளசாக இருக்கும், இறக்கிவிட்ட வண்டு உடனே முட்டையிடும். ஒரு டப்பாவில் கொஞ்சம் பார்த்தீனிய இலையைப் போட்டு, அதில் செடியைத் தட்டினால் வண்டுகள் தாமாக உதிர்ந்து விழும். பிறகு டப்பாவின் வாயை வலைத்துணியால் கட்டிவிடுங்கள். வெயிலில் வைக்காமல் அன்றே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். பத்து வண்டைப் பத்து இடத்தில் தூவுவதைவிட, சில நூறு வண்டுகளை ஒரே இடத்தில் விடுவது மேல். இணை கிடைக்க வேண்டுமே.

கடைசியாகச் சூரியகாந்தி. வரப்பில் பூத்து நிற்கும் பார்த்தீனியத்தை மட்டும், சூரியகாந்தி ஓரத்திலிருந்து நாலைந்து அடி அகலத்துக்கு, நாளைக்கே பிடுங்கிவிடுங்கள். மகரந்தம் இலையில் படியாவிட்டால் வண்டுக்கு அங்கே வேலையில்லை. பிடுங்கும்போது ஒவ்வொரு செடியையும் தரிசுப் பக்கமாகப் பிடித்து நன்றாக உதறிவிட்டுப் போடுங்கள். அதில் ஒட்டியிருக்கும் வண்டுகள் கீழே விழுந்து, கொஞ்ச நேரத்தில் பக்கத்துச் செடியில் ஏறிக்கொள்ளும்.